‘ஆத்திரத்தில் செஞ்சுட்டான்’ என்பது உண்மையா? - ‘ஒருதலைக் காதல்’ கொலைகளின் உளவியல்

2022 அக்டோபர் 13. சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில் கல்லூரி மாணவி ஒருவர் ரயில் முன் தள்ளிக் கொல்லப்பட்டார். தள்ளிய இளைஞருக்கு 2024 டிசம்பரில் சென்னை மகளிர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. கொலைக்கு முன்பே அவர் மீது போலீஸில் புகார் கொடுக்கப்பட்டிருந்தது.

இப்படியொரு செய்தி வரும்போதெல்லாம், ‘லவ் ஃபெயிலியர், ஏதோ ஆத்திரத்தில் செஞ்சுட்டான்’ என்ற பேச்சும் கூடவே வருகிறது. ஆனால், இது ஒரு நிமிடக் கோபம் அல்ல என்கின்றன ஆய்வுகள்.

கொலைக்கு முன் 7 படிகள்

பிரிட்டன் குற்றவியல் ஆய்வாளர் ஜேன் மாங்க்டன் ஸ்மித், துணை அல்லது முன்னாள் துணையால் நடந்த 372 கொலைகளை ஆராய்ந்து 2019-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவற்றில் 8 கட்டங்கள் வரிசையாக வருவதை அவர் கண்டார். பழைய உறவுகளிலும் தொல்லை கொடுத்த வரலாறு, அதிவேகமான நெருக்கம், கட்டுப்படுத்துதல், அந்தப் பிடி நழுவும் தருணம் (பெரும்பாலும் பிரேக்-அப்), தொல்லை கூடுதல், மனம் மாறுதல், திட்டமிடல், கடைசியாகக் கொலை. எட்டாவதுதான் செய்தியாகிறது. முதல் ஏழும் ‘சொந்தப் பிரச்சினை’ என்று விடப்படுகின்றன.

காதலா, பிடியா?

ஒருவரையே இரவு பகலாக நினைத்து உருகும் நிலைக்கு ‘லிமரன்ஸ்’ என்று 1979-ல் பெயர் வைத்தார் உளவியலாளர் டோரதி டென்னாவ். இது பலருக்கும் வரும், பெரும்பாலும் தானாகத் தணிந்துவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தன் மதிப்பு முழுவதையும் அவளுடைய ‘சரி’யில் கட்டிவைத்தவனுக்கு, அவளது ‘வேண்டாம்’ வெறும் இழப்பாகத் தெரிவதில்லை, அவமானமாகத் தெரிகிறது. ‘அவ எனக்கு வேணும்’ என்பது ‘என்னை எப்படி வேணாம்னு சொல்லலாம்?’ என்று மாறும் இடம்தான் ஆபத்தின் தொடக்கம். இதை மனநோய் என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. பெண்ணை உடைமையாகப் பார்க்கும் பழக்கமும் இதில் சேர்ந்திருக்கிறது.

அந்த ஒரு ரிப்ளை

39 அழைப்புகளை எடுக்காமல், 40-வதை எடுத்து ‘ப்ளீஸ், விட்டுடு’ என்று கெஞ்சினால், 40 முறை அடித்தால் பதில் வரும் என்றுதான் எதிர்முனை கற்றுக்கொள்கிறது. எனவே தெளிவாக ஒருமுறை ‘வேண்டாம்’, அதன்பின் மௌனம். மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது அவசியம். ‘கடைசியா ஒரே ஒரு தடவை பேசணும்’ என்ற அழைப்புக்குத் தனியாகப் போகவே கூடாது.

பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவின்படி, விருப்பமில்லை என்று சொன்ன பிறகும் ஒரு பெண்ணைப் பின்தொடர்வதும், அவர் இணையத்தில் என்ன செய்கிறார் என்று கண்காணிப்பதும் குற்றம். முதல்முறை 3 ஆண்டுகள் வரை, மீண்டும் செய்தால் 5 ஆண்டுகள் வரை சிறை. அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

வீடும் நண்பர்களும்

இவ்வளவு இருந்தும் பல பெண்கள் வாய் திறப்பதில்லை. சொன்னால் ‘நீ என்ன பண்ணே?’ என்ற கேள்வி வரும், அடுத்து வேலையோ படிப்போ நிற்கும் என்ற பயம். தொல்லை கொடுப்பவனுக்குப் பெரிய பாதுகாப்பே இந்தப் பயம்தான். ‘வேலைக்குப் போக வேண்டாம்’ என்பதற்குப் பதில், ‘வா, ஸ்டேஷனுக்குப் போகலாம்’ என்று சொல்லும் அப்பாவோ அண்ணனோ ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

அதேபோல், அவனுடைய நண்பர்களுக்கும் பொறுப்பு உண்டு. ‘விடாத மச்சி, மடங்கிடுவா’ என்று ஏற்றிவிடுவது ஆறுதல் அல்ல. அவன் தூங்காமல், சாப்பிடாமல், அவளது ஸ்டேட்டஸையே பார்த்துக்கொண்டிருந்தால், கட்டணமில்லாத மனநல உதவி எண் 14416 இருக்கிறது. ‘அவ வேணாம்னு சொல்லிட்டா, அவ்வளவுதான்டா’ என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒரு நண்பன் போதும்.