எமர்ஜென்சி டாக்டர் ஆகணுமா? முதல்ல மாஸ்க் பிடிக்கக் கத்துக்கோங்க!

தங்கச்சிமடத்திலிருந்து மதுரைப் பக்கம் போவது மல்லிகை நாற்று மட்டுமில்லை, பெரிய வைத்தியம் தேவைப்படும் நோயாளிகளும்தான். 2022 ஜனவரியில் ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனாலும், பாம்பன் பாலத்தைத் தாண்டித்தானே ஆகணும்!

அந்த ஊர்ப் பெண் ஒருத்தி எம்.பி.பி.எஸ் கடைசிக் கட்டத்தில் இருக்கிறாள். அப்பா கடலுக்குப் போகிறவர். பி.ஜி-யில் எமர்ஜென்சி மெடிசின்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எலெக்டிவில்தான் குழப்பம்.

“அக்கா, கேஷுவாலிட்டிதானே எடுக்கணும்? அதானே என் லைன்?”

2019-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் சேர்ந்த விஷயம் இது. மாணவர்களே விரும்பித் தேர்ந்தெடுக்கும் இரண்டு பிளாக். முதலாவது ஆய்வகம், ஆராய்ச்சிப் பக்கம். இரண்டாவதில் மருத்துவமனைத் துறைகள், ஐ.சி.யூ, கேஷுவாலிட்டி, கிராமத்து கிளினிக் என எதுவும் எடுக்கலாம். வருகைப்பதிவும் லாக் புக்கும் சரியாக இருந்தால்தான் ஃபைனல் எக்ஸாம் எழுத முடியும். மற்றபடி, நம் நாட்டில் பி.ஜி சீட்டைத் தீர்மானிப்பது நுழைவுத் தேர்வு ரேங்க்தான். எலெக்டிவ் எதுவானாலும் ரேங்க் மாறாது. அப்புறம் என்ன, கத்துக்கிறதுக்காகவே எடுக்கலாமே!

நான் அவளிடம் அனஸ்தீஷியா எடுக்கச் சொன்னேன். கேஷுவாலிட்டி எப்படியும் ஹவுஸ் சர்ஜன் காலத்தில் வரும். எமர்ஜென்சி எம்.டி கிடைத்தால் மூன்று வருஷம் அங்கேதான் வாசம்.

அவள் ஊர்க் கடலையே யோசித்துப் பாருங்கள். வலையில் கடல் பாம்பு சிக்குகிறது. கடித்த இடத்தில் வலி பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் வலித்து, இமை சொருகி, கடைசியில் மூச்சுத் தசையே ஓய்ந்துவிடலாம். நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு தரைப் பாம்புகளுக்கானது. கடல் பாம்புக்குக் கேட்காது. நோயாளியைக் காப்பாற்றுவது, விஷம் இறங்கும்வரை அவருக்காக நாம் விடுகிற மூச்சு. கடலில் மூழ்கியவருக்கும் முதல் தேவை மூச்சுதான். திருக்கை முள் குத்தினால்கூட பொறுக்கும் சூட்டு வெந்நீரில் காலை வைத்து வலியைக் குறைக்கலாம். மூச்சு நின்றவரை பாலம் தாண்டும்வரை காத்திருக்கச் சொல்ல முடியுமா?

கேஷுவாலிட்டியில் உயிர் ஊசலாடும்போது சீனியர்கள் சூழ்ந்துகொள்வார்கள். மாணவிக்குக் கிடைப்பது சுவரோரம் ஓர் இடம். ஆபரேஷன் தியேட்டர் அப்படியில்லை. நோயாளி வெறும் வயிற்றோடு, முழுப் பரிசோதனை முடித்து வருகிறார். பக்கத்திலேயே டாக்டர் நிற்கிறார். தாடையைத் தூக்கி, காற்று கசியாமல் மாஸ்க்கைப் பிடித்து, பையை அமுக்கி, நெஞ்சு உயர்கிறதா என்று பார்க்கப் பழகலாம். அடுத்த நோயாளிக்கும் அதே. சினிமாவில் இதைக் காட்ட மாட்டார்கள், குழாய் போடுவதைத்தான் காட்டுவார்கள். ஆனால், குழாய் போட முடியாத நேரத்தில் கைகொடுப்பது இந்த மாஸ்க்தான்.

எமர்ஜென்சி நமக்கு ஒத்துவருமா என்றே தெரியாதவர்கள் தாராளமாக கேஷுவாலிட்டி எடுக்கலாம். இரண்டு நைட் டியூட்டியிலேயே விடை தெரிந்துவிடும். இவளுக்கு அந்தச் சந்தேகம் இல்லையே!

முதல் பிளாக்குக்கு விஷமுறிவு பற்றிப் படிக்க ஃபார்மகாலஜி, இரண்டாவதற்கு அனஸ்தீஷியா என்று ஃபார்மை நிரப்பி போட்டோ அனுப்பினாள். வீட்டில் சொன்னதும் அப்பா கேட்டாராம்: “ஏத்தா, உயிரைக் காப்பாத்துற டாக்டருக்குப் படிக்கிறேன்னுட்டு, இப்ப ஊசி போட்டுத் தூங்க வைக்கப் போறேங்கிற?”