மின்மினியோடு திரும்பிவிடலாமா?

கோல சிலாங்கூர் என்றதும் சுற்றுலாக் கையேடுகள் இரண்டு இடங்களைச் சுட்டும். ஒன்று, 1784இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றிய கோட்டையின் எச்சங்களும் 1907இல் எழுந்த கலங்கரை விளக்கமும் உள்ள மெலாவத்தி மலை. மற்றொன்று, ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒளிரும் கம்போங் குவாந்தான். இரண்டும் பார்க்க வேண்டியவையே. ஆனால், அங்குச் செல்லும் வழியில் நம் பாட்டன் பாட்டிமார் பால்மரம் சீவிய தோட்டங்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் பல வெறிச்சோடின. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. பெயர் மாறிய ஊர் வரைபடத்திலாவது உண்டு. மறைந்த தோட்டமோ முதியோர் நினைவில் மட்டுமே வாழ்கிறது. மாணவ நண்பர்களே, அடுத்த சுற்றுலாவில் ஒரு தோட்டத்துக் கோயில் முன்பும் பேருந்தை நிறுத்துவோம். அங்குள்ள பெரியவர்களிடம் கேட்போம். கேட்டதை எழுதி வைப்போம். நம் வரலாற்றை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?