சாவி வைத்திருப்பவரின் பெயர்

மார்ட்டின் சட்டம் என்று நாம் சுருக்கமாகக் குறிப்பிடும், பயங்கரவாதத்திலிருந்து கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான பிரிட்டனின் 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி, பள்ளி அரங்குகளைப் பராமரிக்கும் தொழிலினருக்காக நடத்தப்படும் இந்த இதழ் தன் அபிப்பிராயத்தைச் சொல்லியாக வேண்டிய சந்தர்ப்பம் வந்திருக்கிறது. 2017 மே 22-ஆம் தேதி இரவு மான்செஸ்டர் அரீனாவில் கொல்லப்பட்ட 22 பேரில் ஒருவரான மார்ட்டின் ஹெட்டின் தாயார் ஃபிகன் மரே அம்மையார் ஆண்டுக்கணக்கில் செய்த பிரயத்தனத்தின் பயனாகவும், சர் ஜான் சாண்டர்ஸ் தலைமையில் நடந்த விசாரணையை அடுத்தும் பிறந்த ஒரு சட்டத்தின் நோக்கத்தில் நமக்கு ஆக்ஷேபம் எதுவும் இருக்க முடியாது. ஜனங்களைக் கூட்டி உட்காரவைத்து விளக்கை அணைப்பதையே தொழிலாகக் கொண்ட நாம், அந்த இருட்டில் அவர்கள் நம்மிடம் ஒப்படைக்கும் நம்பிக்கையின் பாரத்தை நன்றாக அறிந்தவர்கள். ஆகையால் சட்டத்தை வரவேற்கிறோம், மனப்பூர்வமாகவே வரவேற்கிறோம்.

விதிகளை இங்கே விவரித்து வாசகரின் பொழுதை வீணாக்க வேண்டியதில்லை. நகல் மசோதாவில் 100 பேர் என்றிருந்த கீழ்வரம்பு 200 ஆக உயர்ந்ததும், 800 பேரோ அதற்கு மேலோ கூடக்கூடிய இடங்களுக்குரிய மேல்படியில் சேராமல், எத்தனை பெரிய பள்ளியாயினும் அது சாதாரணப் படியிலேயே நிற்கும் என்பதும், வெளியேற்றம், உள்ளழைப்பு, கதவடைப்பு, அறிவிப்பு ஆகிய நான்கு நடைமுறைகளை வகுத்து வைப்பதே நம்மிடம் கோரப்படுவது என்பதும், ஏப்ரல் 2027-க்கு முன் இந்தக் கடமைகள் எதுவும் அமலுக்கு வராது என்பதும் எல்லோரும் அறிந்தவை. சாதாரணப் படியில் கதவையோ காமிராவையோ மாற்றும்படி சட்டம் சொல்லவில்லை என்பதை மட்டும், பாதுகாப்புச் சாமான் விற்கப் பள்ளி வாசலில் வந்து நிற்கும் வியாபாரிகளை முன்னிட்டு ஒரு முறை நினைவூட்டி வைக்கிறோம். மண்டபத்துக்கென்று ஒதுக்கிய சொற்பப் பணத்தில் கைவைக்க வரும் எந்தப் பிரதிநிதியிடமும், அவர் காட்டும் பொருளைக் கோருகிற விதி எது என்று எழுத்தில் கேட்பது நம் கடமை.

நம் கவனத்துக்குரிய விஷயம் வேறொன்று. மேல்படியிலுள்ள ஸ்தாபனங்களில், பொறுப்பாளர் என்பது ஒரு தனிமனிதராக இல்லாமல் கம்பெனியாகவோ சபையாகவோ இருக்குமானால், அந்தக் கடமைகள் நிறைவேறுவதைப் பார்த்துக்கொள்ள உயர்நிலை உத்தியோகஸ்தர் ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும் என்று சட்டம் விதிக்கிறது. சாதாரணப் படிக்கு அந்த விதி இல்லை. பள்ளிகள் முழுவதையும் சாதாரணப் படியில் நிறுத்தியதன் மூலம், செலவையும் கெடுபிடியையும் குறைத்து உபகாரம் செய்வதாகப் பார்லிமெண்ட் நினைத்திருக்கலாம். ஆனால் அந்த உபகாரத்தோடு கூடவே, எண்ணூறு பேருக்கு மேல் புழங்கும் ஒரு பள்ளியின் மண்டபத்துக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரு மனிதரின் பெயரைக் கேட்கும் ஒரே வாய்ப்பையும் அது கைநழுவ விட்டுவிட்டது. பொறுப்பு ஆளுநர் குழுவிடமோ அகாதெமி அறக்கட்டளையிடமோ இருக்கிறது. சாவி டெக்னீஷியனிடமோ நாடக ஆசிரியரிடமோ காவற்காரரிடமோ இருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையே என்ன இருக்கிறது என்று சட்டம் கேட்கவே இல்லை.

இதை மிகைப்படுத்துகிறோம் என்று நினைப்பவர்கள், பள்ளி மண்டபத்தின் ஒரு சாதாரண நாளை மனத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டுகிறோம். காலையில் அசெம்பிளி; அது முடிந்து நாற்காலிகள் சுவரோரம் போனதும் மழையைக் காரணம் காட்டி உடற்பயிற்சி வகுப்பு உள்ளே வருகிறது; பதினோரு மணிக்கெல்லாம் சாப்பாட்டு மேசைகள் விரிக்கப்படுகின்றன; சாப்பாடு முடிந்து தரை ஈரம் காயுமுன் பாட்டுக் குழு; பள்ளி விட்டதும் நம் ஒத்திகை; ஒத்திகை முடியுமுன்னரே மண்டபத்தை வாடகைக்கு எடுத்தவர்கள் கதவைத் தட்டுகிறார்கள். முதல் நாள் இரவு ஏணியில் நின்று ஃபோகஸ் செய்த விளக்குகளில் இரண்டு பந்து பட்டுத் திரும்பியிருக்கின்றன. மேடையில் ஒட்டிய அடையாள டேப் தரையைத் துடைத்தவரால் உரிக்கப்பட்டிருக்கிறது. மூன்று வாரம் நிற்கும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட செட், பரிசளிப்பு விழாவுக்கு அழகாக இல்லை என்று பக்கத்திரைக்குப் பின்னால் தள்ளப்பட்டு, அவசர வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. யாரும் துவேஷத்தால் இவற்றைச் செய்யவில்லை. ஒவ்வொருவரும் தமக்குக் கொடுத்த அரைமணி நேரத்துக்குள் தம் வேலையை முடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்போது அந்த நான்கு நடைமுறைகளை இந்த மண்டபத்தில் வைத்துப் பாருங்கள். கதவடைப்பு என்றால் எந்தக் கதவை? சாமான் ஏற்றும் பெரிய கதவு உள்ளிருந்து பூட்டுகிறதா என்பது அந்தக் கதவோடு மல்லுக்கட்டுகிறவருக்கு மட்டுமே தெரியும். வெளியேற்றத்துக்கு வரைபடத்தில் ஐந்து வழிகள் இருக்கலாம். இன்று திறந்திருப்பவை எத்தனை என்பது, செட்டை யார் எங்கே தள்ளினார் என்பதைப் பொறுத்தது. அறிவிப்பு முறைதான் எல்லாவற்றிலும் விசேஷம். பல பள்ளிகளில் பொது அறிவிப்புக் கருவியும் மணிப் பலகையும் வரவேற்பறையில் இருக்கின்றன. வரவேற்பறையோ மாலையில் பூட்டப்பட்டுவிடுகிறது. மண்டபம் நிரம்பி வழிவது அதற்குப் பிறகு. காகிதத்தில் பூரணமாக இருக்கும் நடைமுறை, ஜனங்கள் நிஜமாகவே கூடியிருக்கும் வேளையில் அமலாக முடியாது. இதைத் தலைமையாசிரியரின் அறையில் உட்கார்ந்து அறிய முடியாது. மண்டபத்தில் உழல்கிறவரைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

லண்டன் பகுதியில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் ஆண்டு விழாக்களும் பரதநாட்டிய அரங்கேற்றங்களும் பெரும்பாலும் இத்தகைய பள்ளி மண்டபங்களிலேயே நடக்கின்றன என்பதால், நம் வாசகரில் ஒரு பகுதியினர் வாரநாளில் மண்டபத்தைக் கொடுப்பவராகவும் வார இறுதியில் அதைக் கேட்பவராகவும் இருக்கிறார்கள். மேடையில் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். திறந்த சுடர் என்பதால் தீ உணர்கருவிகளைச் சற்று நேரம் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். நிறுத்தி வைப்பவர் யார், அந்த வேளையில் தீயைக் கண்காணித்து நிற்பவர் யார், மீண்டும் இயக்கி வைப்பவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடை இருக்க வேண்டும். வாடகைக்காரர்கள் நிறைந்த அந்தச் சனிக்கிழமை மாலையிலும் சட்டத்தின் கண்ணில் பொறுப்பு பொதுவாகப் பள்ளியை விட்டு நீங்குவதில்லை. பள்ளியைப் பிரதிநிதிப்படுத்தி அங்கே நிற்பவரோ, வாடகைத் தொகை எவ்வளவு என்பதைக்கூட அறியாத ஒரு சிப்பந்தி.

பரீட்சை மட்டும் இதற்கு விலக்காக நிற்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மே, ஜூன் மாதங்களில் ஜி.சி.எஸ்.இ. பரீட்சைக்காக அதே மண்டபத்தில் மேசைகள் போடப்படுகின்றன. ஒரு நாற்காலியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 1.25 மீட்டருக்குக் குறையக்கூடாது என்று பரீட்சை வாரியங்களின் கூட்டுக் குழு விதித்திருக்கிறது. அந்த மேசைகளில் ஒன்றையும் யாரும் ஓர் அங்குலம் நகர்த்துவதில்லை. காரணம் வெளிப்படை. வெளியிலிருந்து முன்னறிவிப்பின்றி ஒரு பார்வையாளர் வரக்கூடும். பள்ளிக்குள் பரீட்சை அதிகாரி என்று ஒருவர் பெயரோடும் அதிகாரத்தோடும் இருக்கிறார். அவர் முடியாது என்றால் தலைமையாசிரியரும் ஏற்றுக்கொள்கிறார். ஒரே மண்டபம், ஒரே கதவு, அதே மனிதர்கள். பேர் சொல்லி ஒருவரை நியமித்தால் ஒழுங்கு தானே வருகிறது என்பதற்கு ஒவ்வொரு பள்ளியிலும் வருஷந்தோறும் பிரத்தியட்சமான நிரூபணம் நடந்துகொண்டிருக்கிறது. அப்படியிருந்தும் பரீட்சைத் தாளுக்குக் கிடைக்கிற அந்த மரியாதை, மேடை விளக்குகளுக்குக் கீழே நிற்கும் குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை.

இந்த இதழ் ஆரம்ப முதல் சொல்லி வருவது இதைத்தான்: நம்மவரின் மனச்சோர்வுக்கு வேலைப் பளு பிரதான காரணமல்ல. அதிகாரமில்லாத பொறுப்பே காரணம். தொழிலிட மனஅழுத்தத்துக்கு ஆரோக்கிய பாதுகாப்பு நிர்வாகம் வகுத்த ஆறு அளவுகோல்களில், வேலையின் மீது ஒருவருக்குள்ள கட்டுப்பாடு ஒன்று, தம் பங்கு இன்னதென்ற தெளிவு மற்றொன்று. 1999-ஆம் ஆண்டு விதிகளின்படி மனஅழுத்தத்தின் ஆபத்தையும் மதிப்பிட்டு எழுதிவைக்கக் கடமைப்பட்டவர்கள் முதலாளிகள். ஏணிக்கும் வின்ச்சுக்கும் ஆபத்து மதிப்பீடு எழுதி வாங்கும் பள்ளிகளில், அந்த ஏணியில் ஏறுகிறவரின் மனநிலைக்கு அவ்வாறு எழுதியவை எத்தனை? பள்ளி நடக்கும் வாரங்களுக்கு மட்டும் சம்பளம் கணக்கிட்டு, நாடகம் நடக்கும் வாரத்தில் நள்ளிரவு வரை நிற்கவைக்கும் இந்த உத்தியோகத்துக்கு ஒரு நியாயமான தேசிய அளவுகோல் வரும் என்று 2009-இல் நம்பினோம். பள்ளி உதவிச் சிப்பந்திகளின் ஊதியப் பேச்சுவார்த்தைக் குழுவை அவ்வாண்டுச் சட்டம் உண்டாக்கியது. 2011-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதை எடுத்துவிட்டது. இப்போது 2025-ஆம் ஆண்டின் வேலை உரிமைச் சட்டம் அதை மறுபடியும் நிறுவ வழி செய்கிறது. இடையில் போன காலம் சிறிதல்ல. அந்தக் காலத்தில் தொழிலை விட்டுப் போன திறமைசாலிகளைத் திருப்பித் தர எந்த மந்திரியாலும் இயலாது.

நம்மைக் கேட்டறியாத வழக்கம் புதிதல்ல. 2023 ஆகஸ்டு 31-ஆம் தேதி, பள்ளிகள் திறக்க ஒரு சில நாட்களே இருக்கையில், இடிந்து விழும் அபாயமுள்ள ‘ராக்’ (RAAC) என்னும் இலகுரகக் கான்கிரீட் காரணமாக நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் கட்டடப் பகுதிகளை மூடச் சொல்லிக் கல்வி இலாகா உத்தரவிட்டதையும் நாம் மறக்கவில்லை. பொதுக்கூடம் பூட்டப்பட்ட பள்ளிகளில் அந்தப் பருவத்தின் நாடகங்கள் என்ன ஆயின என்று இலாகாவிலிருந்து நம்மை ஒருவரும் கேட்கவில்லை. மேலே ஓடும் கான்கிரீட்டின் கீழ் விளக்குக் கம்பி தொங்கவிட்டவர்கள் நாம். அந்தக் கூரையைப் பற்றி நம் கண்ணில் பட்டதைக் கேட்டறிய அதுவரை ஒரு படிவமும் இருந்ததில்லை. கலைப் பாடங்களுக்கு இடமில்லாத இ-பாக் அளவுகோலை 2010-இல் கொண்டுவந்து பள்ளிகளை அதைக் கொண்டு எடைபோட்ட அதே மனோபாவம், மண்டபத்தைச் சாப்பாட்டு அறையாகவும் மேடையை நாற்காலிக் கிடங்காகவும் கருதக் கற்றுக்கொடுத்தது என்று சொன்னால் அதில் மிகையில்லை.

சட்டம் கேட்காவிட்டாலும் நாம் கேட்கலாம். நடைமுறைப் பத்திரத்தை எழுதும் பணி உங்கள் பள்ளியில் தொடங்கும்போது, அழைப்புக்குக் காத்திராமல் மண்டபத்தின் உண்மை நிலையை எழுதிக் கொடுங்கள்: மாலையில் எந்தக் கதவு பூட்டியிருக்கும், அறிவிப்புக் கருவி எங்கே, நாற்காலி வரிசைகளைப் பிணைக்கும் கொக்கிகள் எத்தனை உடைந்திருக்கின்றன என்பது வரை. மண்டபத்தின் ஆரம்ப நிலையைப் படமெடுத்துச் சுவரில் மாட்டி, அந்த நிலைக்குத் திருப்பி வைக்காமல் ஒருவரும் வெளியேறலாகாது என்பதை வாடகைப் பத்திரத்தில் மட்டுமின்றி ஆசிரியர்களின் கையேட்டிலும் சேர்க்கச் சொல்லுங்கள். ஒளிக் கட்டுப்பாட்டு மேசையைப் பூட்டி, அசெம்பிளிக்கும் பரீட்சைக்கும் தேவையான இரண்டு மூன்று நிலைகளைச் சுவர்ப் பலகையில் பதித்துக் கொடுத்துவிட்டால், பாதி மனஸ்தாபங்கள் எழாமலே போகும். கை வைத்தவர் யார் என்று காலையில் விசாரித்துத் திரிவதைவிட, கை வைக்க அவசியமில்லாமற் செய்வது மேல்.

கோபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒத்திகைக்குள் மேசைகளை உருட்டிக்கொண்டு வந்தவரிடம் அந்த இடத்திலேயே வாதாடுவதால் பயனில்லை. அவரும் யாரோ சொல்லித்தான் வந்திருக்கிறார். இரவில் கடிதம் எழுதுங்கள், காலையில் அனுப்புங்கள். ஒவ்வோர் இடையூறையும் தேதி, நேரம், இழந்த வேலை என்று ஒரே புத்தகத்தில் குறித்து வைத்து, பருவ முடிவில் ஒரே தடவையாக நிர்வாகத்தின் முன் வையுங்கள். தனித்தனியாகச் சொன்னால் அது குறை சொல்லும் சுபாவமாகத் தோன்றும். தொகுத்துக் கொடுத்தால் அதே விஷயம் சாட்சியமாகும். உடற்பயிற்சித் துறைத் தலைவரோடு பருவத்தின் முதல் வாரத்திலேயே ஒரு கோப்பைத் தேநீர் அருந்தி, மழை நாளில் மண்டபம் யாருக்கு என்பதைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். இதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை.

வருகிற கல்வியாண்டின் நாட்குறிப்பு கோடையில் முடிவாகுமுன், ஆளுநர் குழுவிடம் நம்மவர் வைக்க வேண்டிய கோரிக்கை ஒன்றே: நான்கு நடைமுறைகளும் அடங்கிய பத்திரத்தின் தலைப்பில் மண்டபப் பொறுப்பாளர் என்று ஒருவரின் பெயரும், அவர் வராத நாளுக்கு இன்னொருவர் பெயரும் இருக்க வேண்டும், மண்டப நாட்குறிப்பு அவர் கையில் இருக்க வேண்டும், வழி அடைபட்டிருக்கும்போது நிகழ்ச்சியை நிறுத்தும் உரிமை, தலைமையாசிரியரின் கையெழுத்தோடு, அவருக்கு இருக்க வேண்டும், அதற்குரிய மணி நேரம் அவருடைய ஊதியத்தில் சேர வேண்டும். இதையே சாதாரணப் படிக்கான வழிகாட்டியில் சேர்க்கும்படி உள்துறை இலாகாவுக்கும், இச்சட்டத்தின் கண்காணிப்பை ஏற்றிருக்கும் பாதுகாப்புத் தொழில் ஆணையத்துக்கும் இந்த இதழின் பெயரால் விண்ணப்பம் அனுப்புகிறோம். தம் மண்டபத்தின் நிலையை ஒரு பக்கத்துக்கு மிகாமல், பள்ளியின் பெயரைக் குறிக்காமல் எழுதி அனுப்பும் வாசகர்களின் குறிப்புகள் விண்ணப்பத்தோடு இணைக்கப்படும்.