சூடானின் பெண் கலைஞர்கள்: எதிர்வினையாற்றியது யார்?

"போருக்கு எதிர்வினையாற்றும் சூடானியப் பெண் கலைஞர்கள்" என்ற தொடர் இப்போது பரவலாகப் புழங்குகிறது. ஆண்கள் முதலில் போரைத் தொடுத்தார்கள், பெண்கள் அதன் பின்னர் கண்ணீருடன் தூரிகையைக் கையிலெடுத்தார்கள் என்ற எண்ணத்தையே அது வாசிப்பவர் மனதில் விதைக்கிறது. பத்திரிகைத் துறையில் நீண்டகாலம் இருந்தவன் என்ற வகையில் இத்தொடரை நான் ஏற்கமாட்டேன். நிகழ்ந்தவற்றை அது தலைகீழாக்குகிறது.

நிகழ்ந்த வரிசையைப் பார்ப்போம். 2018 டிசம்பரில் ஒமர் அல் பஷீரின் ஆட்சிக்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கினர். காற்சட்டை அணிந்தமைக்காகப் பெண்களைக் கசையடிக்கு உள்ளாக்கிய ஆட்சி அது. அதனால், அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் பெண்கள் நின்றதில் வியப்பில்லை. 2019 ஏப்ரல் 8ஆம் திகதி கார்ட்டூமில் வெள்ளைத் தோப் உடுத்திக் காரொன்றின் மேல் நின்று முழங்கிய மாணவி அலா சலாவின் ஒளிப்படத்தை உலகமே கண்டது. அதை எடுத்தவரும் லானா ஹாரூன் என்ற பெண்தான். கேலிச்சித்திரக்காரியான அலா சாதிர் அந்நகரின் சுவர்களில் பெண்களின் உருவங்களைத் தீட்டினார். மூன்றே நாட்களில் பஷீர் வீழ்ந்தார்.

அதன் பின் நடந்தது என்ன? 2019 ஜூன் 3ஆம் திகதி இராணுவத் தலைமையகத்தின் முன் அமர்ந்திருந்த மக்கள் மீது படையினர் பாய்ந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். உடல்கள் நைல் நதியில் வீசப்பட்டன. சட்டவாக்க சபையில் பெண்களுக்கு 40 வீத இடம் என்று அவ்வாண்டு ஓகஸ்ட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சபை அமைக்கப்படவே இல்லை. 2021 ஒக்டோபர் 25ஆம் திகதி இராணுவத் தளபதி புர்ஹானும் துரித ஆதரவுப் படையின் தலைவர் ஹெமெட்டியும் கைகோத்து ஆட்சியைப் பறித்தனர். பறித்ததைப் பங்கிடுவதில் முரண்பட்டு, 2023 ஏப்ரல் 15ஆம் திகதி ஒருவர் மீது ஒருவர் பாய்ந்தனர்.

எனவே கேட்கிறேன்: இங்கே எதிர்வினை யாருடையது? வீதியையும் சுவரையும் பெண்கள் தமதாக்கிக்கொண்டதற்குத் துப்பாக்கி அளித்த பதிலின் கடைசி அத்தியாயம்தான் இந்தப் போர். மூத்த ஓவியர் கமலா இப்ராஹிம் இஷாக், ஜூன் 3இல் கொல்லப்பட்டவர்களை நினைவுகூர்ந்து தீட்டிய ஓவியம் 2022 ஒக்டோபரில் இலண்டன் சேர்ப்பன்டைன் கலைக்கூடத்தில் வைக்கப்பட்டது. போர் வெடிக்க இன்னும் அரையாண்டு இருந்தது. கொலையாளிகள் தண்டிக்கப்படாமல் இருக்கிறார்கள் என்பதை அந்த ஓவியத்தின் முன் நின்ற எவரும் அறிந்திருக்க முடியும். அறிந்து என்ன செய்தோம்?

"படமும் பாட்டும் துப்பாக்கியை நிறுத்துமா?" என்று சிலர் கேட்பர். டார்பூரிலும் கொர்டொபானிலும் ஹகாமாத் எனப்படும் பெண் பாடகிகள் உண்டு. அவர்களின் பாட்டு ஆண்களைப் போருக்கு அனுப்பவும் வல்லது, சமாதானத்துக்கு இணக்கவும் வல்லது. ஆயுதம் ஏந்தியவர்கள் இதை நன்கறிவர். ஆதலாலேயே அப்பாடகிகளைத் தம் பக்கம் இழுக்க முயன்று வந்துள்ளனர். பக்காரா மக்களின் பாடல்களை ஆராய்ந்து, சமாதானத்தைப் பாடி வந்தவர் ஷாதென் கர்தூத். 2023 மே மாதம் ஒம்துர்மானில் எறிகணை ஒன்று அவரைக் கொன்றது. வயது 37.

அதற்குச் சில நாட்களுக்கு முன், மே 3ஆம் திகதி, ஆசியா அப்தெல்மாஜித் தமது 80ஆவது வயதில் இருதரப்பு மோதலுக்கு இடையில் சிக்கிக் கொல்லப்பட்டார். சூடானின் முதல் தொழில்முறை மேடை நடிகை எனக் கருதப்பட்டவர் அவர். 1965இல், இராணுவ ஆட்சியொன்றை மக்கள் வீழ்த்தியதன் ஆண்டு நிறைவுக்காக ஒம்துர்மான் தேசிய அரங்கில் மேடையேறிய நாடகமே அவருக்குப் பெயர் தேடித் தந்தது. மயானத்துக்குக் கொண்டுசெல்ல வழியின்றி, அவர் பணியாற்றிய பாலர் பாடசாலையின் வளவிலேயே அவரைப் புதைத்தார்கள்.

இந்தப் போரினால் 1 கோடியே 20 இலட்சத்துக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்தனர். கலைஞர்களும் அவர்களுள் அடங்குவர். கார்ட்டூமில் ஓவியர்களுக்கான கலையகமொன்றை நிறுவிய ரீம் அல்ஜெயலி கெய்ரோவுக்குப் பெயர்ந்தார். ராவியா அல்ஹாக் உள்ளிட்ட இயக்குநர்கள் கார்ட்டூமில் தொடங்கிய 'கார்ட்டூம்' என்ற ஆவணப்படத்தை, தப்பிச்சென்ற நாட்டில், பச்சைத் திரையின் முன் தம் நகரை மீண்டும் நடித்துக் காட்டச் செய்து முடிக்க நேர்ந்தது. 2025இல் அது திரைக்கு வந்தது. இவற்றைப் பார்த்து "என்னே நம்பிக்கை, என்னே மன உறுதி" என்று வியந்து கலைந்து போவது எமக்கு வசதியானது. பாராட்டிவிட்டால் குற்றவாளி யார் என்று கேட்க வேண்டியதில்லை அல்லவா?

கேட்க வேண்டிய கேள்வியோ எமக்கு வெகு அருகில் இருக்கிறது. ஐக்கிய அரபு இராச்சியம் துரித ஆதரவுப் படைக்கு ஆயுதம் வழங்குகிறது என்ற குற்றச்சாட்டுகள் நம்பத்தக்கவை என ஐ.நா. நிபுணர் குழு 2024 ஜனவரியில் கூறியது. அந்நாடு அதை மறுக்கிறது. ஆனால் சூடானின் தங்கத்தில் பெரும்பங்கு அந்நாட்டுக்கே போகிறது என்பதும், அத்தங்கமே இரு தரப்புக்கும் போர்ச் செலவு என்பதும் உலகறிந்தவை. துபாய்த் தங்கச் சந்தை தமிழருக்கு அந்நியமான இடமா? திருமணத்துக்கு நகை வாங்க அங்கே போகும் எம்மில் எத்தனைபேர் அது தோண்டப்பட்ட மண்ணைப் பற்றிக் கேட்டிருக்கிறோம்? எமது துயரை உலகம் காணவில்லை என்று முறையிடும் உரிமை எமக்கு உண்டு. அந்த உரிமையுள்ளவர்களுக்கு இந்தக் கடமையும் உண்டு.

சூடானியப் பெண்கள் எம்மிடம் ஆறுதல் கேட்டு ஓவியம் தீட்டவில்லை. அவர்கள் சாட்சியம் அளித்துக்கொண்டிருக்கிறார்கள். 2019இலேயே அதைத் தொடங்கிவிட்டார்கள். சாட்சியைக் கைதட்டி அனுப்பிவைக்கும் நீதிமன்றத்தை நான் கண்டதில்லை. அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். யாருக்கு எதிராகச் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.