மூணு பேர், மூணு ஞாபகம்: டோர்ஸ் பத்தி கொஞ்சம்

செத்துப் போனவரைப் பத்தி கூட இருந்தவங்க எழுதற புத்தகம்னா எனக்கு எப்பவுமே ஒரு சந்தேகம் உண்டு. மறுத்துப் பேச அந்த ஆள் வரப்போறதில்லை. எழுதறவருக்குத் தெரியும், நமக்கும் தெரியும். இருந்தாலும் படிக்கிறோம், படிச்சிட்டு நம்பிடறோம்.

அமெரிக்காவோட 'தி டோர்ஸ்' குழு விஷயத்துல இது இன்னும் வேடிக்கை. பாடகர் ஜிம் மோரிசன் 1971 ஜூலை 3 அன்னிக்கு பாரீஸ்ல செத்துப் போனார், வயசு 27. மிச்சம் மூணு பேரும் ஆளுக்கொரு புத்தகம் எழுதியாச்சு. டிரம்ஸ் வாசிச்ச ஜான் டென்ஸ்மோர் 1990-ல, கீபோர்டு ரே மன்சாரெக் 1998-ல, கிடார் ராபி கிரீகர் 2021-ல. நாலு பேரும் சேர்ந்து வாசிச்சது என்னவோ ஆறு வருஷத்துக்கும் குறைவு. அதை ஞாபகப்படுத்திக்கறதுக்கு அம்பது வருஷம் ஆகியிருக்கு!

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். மூணு பேர்ல ரொம்ப அழகா கதை சொல்றவர் மன்சாரெக். ஆனா நம்பி படிக்க வேண்டியது சிடுசிடுன்னு எழுதற டென்ஸ்மோரைத்தான். மன்சாரெக் ரசிகர்கள் பின்னூட்டத்துல வந்து தாராளமா சண்டை போடலாம் :-)

தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். 1965, லாஸ் ஏஞ்சலஸ். மோரிசனும் மன்சாரெக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல சினிமா படிச்ச பசங்க. ஆல்டஸ் ஹக்ஸ்லி மெஸ்கலின் சாப்பிட்டுப் பார்த்து எழுதின புத்தகத்தோட தலைப்புல இருந்துதான் குழுவுக்குப் பேர் வந்தது. கலிஃபோர்னியாவுல எல்.எஸ்.டி. 1966 அக்டோபர் வரைக்கும் சட்டப்படி தப்பே இல்லை. அதை ருசி பார்த்துட்டு, அடுத்து என்னன்னு தேடிப் போன இடம் மகரிஷி மகேஷ் யோகியோட தியான வகுப்பு. மன்சாரெக், டென்ஸ்மோர், கிரீகர் மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிச்சதே அந்த வகுப்பு வழியாத்தான். மோரிசனுக்கு தியானத்துல அவ்வளவா நாட்டமில்லை. பின்னாடி டென்ஸ்மோரும் கிரீகரும் ரவி ஷங்கர் லாஸ் ஏஞ்சலஸ்ல நடத்தின கின்னரா இசைப்பள்ளிக்கும் போய் வந்தாங்க. 'தி எண்ட்' பாட்டுல கிடார் ஆரம்பத்துல தம்புரா மாதிரி இழுத்துக்கிட்டே நிக்கும் பாருங்க, காரணமில்லாம இல்ல.

மேடையில இவங்களுக்கு பேஸ் கிடார் ஆளே கிடையாது. மன்சாரெக் வலது கையால ஆர்கன் வாசிச்சிக்கிட்டே இடது கையால தனியா ஒரு சின்ன கீபோர்டுல பேஸ் வாசிப்பார். அசாத்திய வேலை. எழுத்துலயும் மனுஷன் அப்படித்தான், ஒரு கையில நடந்தது, இன்னொரு கையில புராணம்.

அவரோட பிரபலமான கதை வெனிஸ் கடற்கரை. 1965 கோடையில மணல்ல உட்கார்ந்திருக்கார், எதிரே மோரிசன் வர்றார், பாட்டு எழுதியிருக்கேன்னு சொல்றார், பாடிக்காட்டச் சொன்னா 'மூன்லைட் டிரைவ்' பாடறார், அந்த இடத்துலயே குழு பிறக்குது. சாகற வரைக்கும் எத்தனை பேட்டியில சொல்லியிருப்பார்னு கணக்கே இல்லை. சொல்லும்போது குரல்ல ஒரு கதாகாலட்சேபத் தன்மை வந்துடும். கதை பொய்னு நான் சொல்ல வரலை. சாட்சி ரெண்டு பேர், அதுல ஒருத்தர் 1971-லயே போயாச்சு, அவ்வளவுதான். அதோட, குழு உடனே நாலு பேரா பிறந்துடலை. மன்சாரெக்கோட ரெண்டு தம்பிங்க ஏற்கனவே 'ரிக் அண்ட் தி ரேவன்ஸ்'னு ஒரு குழு வச்சிருந்தாங்க. 1965 செப்டம்பர்ல பதிவு செஞ்ச முதல் ஆறு பாட்டுல அவங்கதான் இருந்தாங்க, கிரீகர் இல்லை. தம்பிங்க விலகினப்புறம்தான் கிரீகர் உள்ளே வர்றார். விதி நாலு பேரைச் சேர்த்து வச்சதுங்கற கதையில இந்தத் தம்பிகளை யாருக்கும் ஞாபகமே இல்லை. பாவம்.

இன்னொரு இடம், கடைசி கச்சேரி. 1970 டிசம்பர் 12, நியூ ஆர்லியன்ஸ். மோரிசனோட உயிர்ச்சக்தி உடம்பை விட்டு வெளியேறினதைத் தன் கண்ணால பார்த்ததா மன்சாரெக் சொல்வார். டென்ஸ்மோர் சொல்றது வேற. குடிச்சுக் குடிச்சு ஓய்ஞ்ச ஒரு மனுஷன், மைக் ஸ்டாண்டால மேடைப் பலகையை இடிச்சு உடைச்சார், இனிமே இவரை வச்சு மேடை ஏற முடியாதுன்னு புரிஞ்சுபோச்சு. ஒரே ராத்திரி, ஒரே மேடை. முதல் கதையில ஒரு தெய்வம் கிளம்பிப் போகுது. ரெண்டாவது கதையில ஒரு நோயாளி இருக்கார், அவரைச் சுத்தி என்ன செய்யறதுன்னு தெரியாம இருபது சொச்சம் வயசுல சில பசங்க நிக்கறாங்க.

எனக்கு இந்த ரெண்டாவதுதான் முக்கியமா படுது. மோரிசனைத் தெய்வமாக்கினா, ஏன் யாரும் தடுக்கலைங்கற கேள்விக்கே இடமில்லாமப் போயிடும். தெய்வத்தை யார் தடுப்பா? டென்ஸ்மோர் அந்தக் கேள்வியைத் தன்னையே கேட்டுக்கறார். புத்தகத்துல செத்துப் போன மோரிசனுக்கே நேரா கடிதம் எழுதறார். கோபம், பொறாமை, பயம் எல்லாம் இருக்கு. 1968-ல ரெக்கார்டிங் நடுவுல குச்சியை வீசிட்டு வெளியே போனதையும், மறுநாளே திரும்பி வந்ததையும் அவரே சொல்றார். தன்னை நல்லவனா காட்டிக்க நினைக்கறவன் இதையெல்லாம் எழுத மாட்டான்.

ஞாபகம் எவ்வளவு சுலபமா மாறுதுன்னு பார்க்க எட் சல்லிவன் நிகழ்ச்சி நல்ல உதாரணம். 1967 செப்டம்பர் 17. 'லைட் மை ஃபயர்' பாட்டுல போதையைக் குறிக்கிற மாதிரி வர்ற ஒரு வார்த்தையை மாத்திப் பாடச் சொன்னாங்க, மோரிசன் மாத்தாமப் பாடிட்டார். 1991-ல வந்த ஆலிவர் ஸ்டோன் படத்துல வேல் கில்மர் கேமராவைப் பார்த்து அந்த வார்த்தையைக் கத்துவார். நிஜ ஒளிப்பதிவு இருக்கு, தேடிப் பாருங்க. மோரிசன் சாதாரணமா, கண்ணை மூடிக்கிட்டுப் பாடிட்டுப் போறார். கலகமெல்லாம் ஒண்ணும் தெரியலை. படம் பார்த்த தலைமுறைக்கு கத்தினதுதான் ஞாபகம். மன்சாரெக் அந்தப் படத்தைக் கடைசி வரைக்கும் திட்டினார். (புராணத்தை வேற ஆள் எழுதினா கோபம் வரத்தானே செய்யும்!) டென்ஸ்மோர் அதுல ஒரு ரெக்கார்டிங் என்ஜினியரா தலைகாட்டிட்டுப் போவார்.

ஆனா மூணு பேரும் ஒரே மாதிரி சொல்ற விஷயமும் இருக்கு. 1969 மார்ச் 1, மயாமி. மேடையில மோரிசன் ஆடையை விலக்கிக் காட்டினார்னு கேஸ். நாங்க பக்கத்துலதான் இருந்தோம், அப்படி நடக்கலைன்னு மூணு பேருமே சொல்லியிருக்காங்க. அத்தனை கேமரா இருந்தும் அதைக் காட்டற ஒரு படம் கூட வரலை. இருந்தும் 1970-ல தண்டனை, ஆறு மாச ஜெயில், 500 டாலர் அபராதம். மேல்முறையீடு முடியறதுக்குள்ள ஆள் போயாச்சு. 2010 டிசம்பர்ல ஃப்ளோரிடா மாநிலம் மன்னிப்பு குடுத்தது. ஒருத்தரையொருத்தர் கோர்ட்டுக்கு இழுத்த மூணு பேர் ஒரு விஷயத்துல மட்டும் ஒத்துப் போறாங்கன்னா அதை நான் நம்பறேன்.

கோர்ட்னு சொன்னேன்ல, இந்தப் பதிவே அதுக்காகத்தான்.

குழு ஆரம்பிச்சப்போ ஒரு ஏற்பாடு. எல்லாம் நாலு சம பங்கு, பாட்டு யார் எழுதினாலும் 'தி டோர்ஸ்'னுதான் பேர் வரும், ஒருத்தர் வேண்டாம்னா வேண்டாம். இது மோரிசனோட யோசனைன்னு டென்ஸ்மோர் சொல்றார். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 'லைட் மை ஃபயர்' பெரும்பாலும் கிரீகர் எழுதினது. ரெண்டாவது சரணம் மோரிசன், ஆரம்ப ஆர்கன் மன்சாரெக், தாளம் டென்ஸ்மோர். 1967 ஜூலைல அமெரிக்காவுல முதலிடம். மறுவருஷம் ஹோசே ஃபெலிசியானோ பாடி மறுபடியும் ஹிட். வந்த காசு நாலு பங்கு. அந்தப் பாட்டு கணக்குல அதிகமா விட்டுக் கொடுத்தவர் கிரீகர். மனுஷன் ஒரு முறை கூட புலம்பினதா எனக்குத் தெரியலை. 1969-ல 'தி சாஃப்ட் பரேட்' ஆல்பத்துலதான் முதல் முறையா தனித்தனிப் பேர் போட்டாங்க. கிரீகர் எழுதின ஒரு பாட்டுல துப்பாக்கி எடுங்கங்கற மாதிரி ஒரு வரி, அது தன் பேர்ல வரக்கூடாதுன்னு மோரிசன் பிடிவாதம். காசுக்காக இல்லை, பாருங்க.

1968-ல ப்யூக் கார் கம்பெனி 'லைட் மை ஃபயர்' பாட்டை விளம்பரத்துக்குக் கேட்டது, 75,000 டாலர். மோரிசன் ஊர்ல இல்லை. மத்த மூணு பேரும் சரின்னுட்டாங்க. திரும்பி வந்த மோரிசன் குதிச்ச குதி, மேடையில ஒரு ப்யூக் காரையே சம்மட்டியால உடைப்பேன்னு மிரட்டற அளவுக்குப் போச்சு. சரின்னு சொன்ன மூணு பேர்ல டென்ஸ்மோரும் ஒருத்தர், அதை அவர் மறைக்கலை. அந்தக் கோபம்தான் அவர் மனசுல தங்கிப்போச்சு.

வருஷங்கள் கழிச்சு காடிலாக் வந்தது, 15 மில்லியன் டாலர். டென்ஸ்மோர் ஒத்தை ஆளா முடியாதுன்னார். 2002-ல மன்சாரெக்கும் கிரீகரும் இயன் ஆஸ்ட்பரியைப் பாடகரா வச்சு '21-ஆம் நூற்றாண்டின் டோர்ஸ்'ங்கற பேர்ல கிளம்பினாங்க. 2003-ல டென்ஸ்மோர் கேஸ் போட்டார். அவங்க பதிலுக்கு, நியாயமில்லாம வியாபாரத்தைத் தடுத்து நஷ்டப்படுத்தினார்னு எதிர் கேஸ். 2004-ல விசாரணை, டென்ஸ்மோர் பக்கம் ஜெயிச்சது. இதுல டென்ஸ்மோரோட சேர்ந்து நின்னது மோரிசனோட பெற்றோர். அப்பா யாருன்னா, 1964-ல டோங்கின் வளைகுடாவுல அமெரிக்கக் கடற்படைக்குத் தலைமை தாங்கின அட்மிரல். வியட்நாம் போர் பெருசா வெடிச்ச அதே இடம். மகன் உயிரோட இருந்தப்போ என் அப்பா அம்மா செத்துட்டாங்கன்னு பத்திரிகைக் குறிப்புல எழுதிக் கொடுத்தவன். அந்த அப்பாதான் எண்பது வயசு தாண்டி, மகன் குழுவோட பேரைக் காப்பாத்த கேஸ்ல நின்னார். எந்த சினிமாக்காரனும் எழுத மாட்டான் இந்தக் காட்சியை.

எதிர்த்தரப்பு நியாயமும் சும்மா தள்ளக்கூடியது இல்லை. அறுபது வயசை ஒட்டின ரெண்டு பேர், தாங்க உருவாக்கின பாட்டைத் தாங்க வாசிக்கணும்னு ஆசைப்படறாங்க. கேட்க ஜனம் வருது. யாருக்கு என்ன நஷ்டம்? நல்லா வாசிக்கட்டும், பாட்டு அவங்களோடதும்தான். ஆனா பேர் நாலு பேரோடது. செத்தவன் 'வேண்டாம்'னு சொன்னதை ஞாபகம் வச்சிருக்கற ஒரே ஆள் தொந்தரவுக்காரனா தெரியறான்னா, தப்பு ஞாபகம் வச்சிருக்கறவன் மேல இல்லைங்கறது என் கருத்து. அதுக்காக டென்ஸ்மோர் துறவியும் இல்லை. எழுபதுகள்ல இங்கிலாந்துல ஒரு டயர் கம்பெனிக்கு 'ரைடர்ஸ் ஆன் தி ஸ்டார்ம்' பாட்டைக் கொடுக்க சம்மதிச்சு, விளம்பரத்தைக் கேட்டதும் வயித்தைக் கலக்கி, தன் பங்கு காசை தானமா கொடுத்ததை அவரே 2002-ல ஒரு கட்டுரையில எழுதியிருக்கார்.

2013 மே 20 மன்சாரெக் ஜெர்மனியில புற்றுநோயால இறந்தார். அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, உடம்பு சரியில்லைன்னு கேள்விப்பட்டு டென்ஸ்மோர் ஃபோன் பண்ணியிருக்கார். கேஸ் பத்தி ரெண்டு பேருமே ஒரு வார்த்தை பேசலையாம். பின்னாடி கிரீகரும் டென்ஸ்மோரும் சேர்ந்து மேடையிலயும் வாசிச்சாங்க. 2023-ல மன்சாரெக் குடும்பமும் கிரீகரும் தங்க உரிமைகளை ஒரு பெரிய இசை நிறுவனத்துக்கு வித்தாங்க. டென்ஸ்மோர் தன் பங்கை விக்கலை.

பி.கு: படிக்கறதா இருந்தா முதல்ல டென்ஸ்மோர், அப்புறம் மன்சாரெக், கடைசியா கிரீகர். கிரீகர் புத்தகம் கால வரிசையில போகாது, முன்னும் பின்னுமா தாவும், ஆனா சண்டை முடிஞ்சு வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பேசற மாதிரி இருக்கும். படிக்க நேரமில்லாதவங்க 'எல்.ஏ. வுமன்' ஆல்பம் மட்டும் கேளுங்க. தயாரிப்பாளர் விட்டுட்டுப் போனப்புறம் தங்க ஒத்திகை அறையிலயே பதிவு செஞ்சது, மோரிசன் பாத்ரூம்ல நின்னு பாடினார். அந்த நாட்கள் சந்தோஷமா இருந்ததுன்னு மூணு பேருமே எழுதியிருக்காங்க.