நேரலையை நிறுத்த எவ்வளவு செலவழிக்கலாம்?

நேரலையை நிறுத்திவைத்துப் பார்க்கும் செட்-டாப் பாக்ஸ் என்றாலே வசதியானவர்கள் சமாச்சாரம் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. 2008-ல் டாடா ஸ்கை பிளஸ் வந்தபோது அது நியாயம்தான். பெட்டிக்குள்ளேயே ஹார்டு டிஸ்க் இருந்தது. விலையும் அதற்கேற்ப இருந்தது. இன்று நிலைமை வேறு. யூஎஸ்பி துளையும் அதற்கேற்ற மென்பொருளும் உள்ள சாதாரண ஹெச்டி பெட்டியோடு வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றைச் சேர்த்தால் போதும். இதற்காக விலை உயர்ந்த பெட்டியை வாங்கத் தேவையில்லை என்பது என் கட்சி.

சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்கு நீங்கள் ரிமோட்டை அமுக்கியது தெரியாது. அது பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கிரிக்கெட்டை நிறுத்திவிட்டு வாசலில் வந்தவரிடம் பேசப் போகிறீர்கள்; அந்த நேரத்தில் வருவதையெல்லாம் பெட்டி சேமித்துவைக்கிறது. திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து காட்டுகிறது. அப்போதும் புதிதாக வருவதை எழுதிக்கொண்டேதான் இருக்கிறது. எழுதுவதும் படிப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம்.

இடம் ஒரு பிரச்சினையே இல்லை. ஹெச்டி சேனல் ஒன்று விநாடிக்கு 8 மெகாபிட் அளவில் வருவதாகக் கொண்டால், அரை மணி நேரத்துக்கு 1.8 ஜிபிதான் ஆகும். ஆனால் மலிவான பென்டிரைவ் வேகத்தில் தடுமாறும். படம் கட்டம் கட்டமாக உடையும். ஓயாமல் எழுதி அழிப்பதையும் அது நெடுநாள் தாங்காது. பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய ஹார்டு டிஸ்க்கை உறை போட்டுச் செருகுவது மேல். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர் மின்சாரம்தான் தர வேண்டும் என்பது விதி. சில டிஸ்க்குகளுக்கு அது பற்றாது. டிக் டிக் என்று ஒலித்துவிட்டு நின்றுவிடும். தனி அடாப்டர் உள்ள டிஸ்க் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

செருகுவதற்கு முன் கவனம். பல பெட்டிகள் டிஸ்க்கைத் தம் வசதிக்கு ஃபார்மட் செய்துவிடும். கல்யாணப் போட்டோக்கள் இருந்தால் போனது போனதுதான்! பதிவான நிகழ்ச்சியும் பெரும்பாலும் அந்தப் பெட்டியில் மட்டுமே ஓடும். கம்ப்யூட்டரில் போட்டால் திறக்காது.

கடையில் “ரெக்கார்டிங் இருக்கு சார்” என்பார்கள். அது வேறு, நேரலையை நிறுத்துவது வேறு. பதிவு செய்யும், ஆனால் நேரலையை நிறுத்தாத பெட்டிகளும் உண்டு. டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோய், ஓடும் சேனலை ஐந்து நிமிடம் நிறுத்தி, பிறகு ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடை. சேனலைப் பிடிக்கும் ட்யூனர் ஒன்று மட்டுமே உள்ள பெட்டியில் பொதுவாக சேனலை மாற்றினால் சேமித்தது அழிந்துவிடும். கரண்ட் போனாலும் அதே கதி. ஒன்றைப் பதிவு செய்துகொண்டே வேறு அலைவரிசையில் வரும் இன்னொன்றைப் பார்க்க இரண்டு ட்யூனர் வேண்டும். பெரும்பாலும் டிஷ்ஷிலிருந்து இரண்டாவது கேபிளும் இழுக்க வேண்டும். நிறுத்திப் பார்க்க மட்டும்தான் ஆசை என்றால் அந்தச் செலவு வீண்.

மாதச் சந்தாவே வேண்டாம் என்பவர்களுக்கு டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. அதற்கு எம்பெக்-4 பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். பழைய எம்பெக்-2 சேனல்களையும் அது காட்டும். முன்னணித் தமிழ்ச் சேனல்கள் வேண்டும் என்பவர்களுக்கு ஃப்ரீ டிஷ் போதாது.

நேரலையை நிறுத்தும் வசதிக்கெனத் தனி மாதக் கட்டணம் கேட்டால் மறுத்துவிடுங்கள். டிஸ்க் உங்களுடையது, மின்சாரம் உங்களுடையது, வேலை முழுக்க உங்கள் கூடத்தில் நடக்கிறது. இதற்கு வாடகை எதற்கு?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகள் 2019-ல் நடைமுறைக்கு வந்ததால் ஒவ்வொரு கட்டணச் சேனலின் விலையும் வெளிப்படையானது. பெட்டிக்கும் அதே வெளிச்சம் வேண்டும். நேரலையை நிறுத்துமா, எவ்வளவு நேரம், எந்த டிஸ்க் ஏற்கும், கட்டணம் உண்டா என்பதை அட்டைப்பெட்டியின் மேலேயே தமிழில் அச்சிட டிராய் உத்தரவிட வேண்டும்.

- கட்டுரையாளர், செயற்கைக்கோள் ஒளிபரப்புத் துறைப் பொறியாளர்.