எழுதும் முன் எண்ணட்டும்

தமிழ்நாட்டின் மழலையர் வகுப்புகள் பலவற்றில் கணக்கு என்பது ஒன்று முதல் நூறு வரை ஒப்பிப்பதாகவும், அதையே கட்டம் போட்ட நோட்டில் பக்கம் பக்கமாக எழுதுவதாகவும் சுருங்கிக் கிடக்கிறது. முதல் வகுப்புக்கு முந்தைய பருவத்தில் இந்த எழுத்து வேலை அறவே நிறுத்தப்பட வேண்டும்.

எண்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்த குழந்தைக்கு எண்ணத் தெரியும் என்று கொள்வது தவறு. ரோச்சல் கெல்மன், காலிஸ்டெல் ஆகிய உளவியலாளர்கள் 1978-இல் வெளியிட்ட நூலில் எண்ணுதலுக்கு ஐந்து நெறிகளை வகுத்தனர். ஒரு பொருளுக்கு ஒரு எண்ணை மட்டுமே சொல்வது அவற்றுள் ஒன்று; கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்த அளவைக் குறிக்கிறது என்று உணர்வது மற்றொன்று. இந்த இரண்டாவது உணர்வு வாய்க்காத குழந்தை, ஐந்து புளியங்கொட்டைகளைச் சரியாக எண்ணி முடித்த பின்பும், "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும், "ஐந்து கொடு" என்றால் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கும். நோட்டில் 5 என்று நூறு முறை எழுதவைப்பதால் இந்தக் குறை தீராது. பொருள்களைத் தொட்டு, நகர்த்தி, பங்கிட்டுப் பார்க்கும்போதே தீரும்.

அதற்கான கருவி நம் வீடுகளிலேயே இருந்தது. பதினான்கு குழிகள் கொண்ட பல்லாங்குழியில் குழிக்கு ஒரு காயாகப் போட்டுச் செல்லும் குழந்தை ஒன்றுக்கொன்று பொருத்தக் கற்கிறது; குழியில் நான்கு காய் சேர்ந்ததும் பசு என்று எடுத்துக்கொள்ளும் குழந்தை, சிறு அளவுகளை எண்ணாமல் பார்வையாலேயே அறியும் திறனை வளர்த்துக்கொள்கிறது. (சிறு குழந்தைகள் கொட்டையை வாயில் போட்டுக்கொள்ளக்கூடும் என்பதால் பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும்.)

முதல், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது. ஆறு வயதுக்குக் கூடாதது நான்கு வயதுக்கு எப்படிப் பொருந்தும்? 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் செயல்வழியில் கற்பிக்க முனைவது நல்லதே. ஆனால் அது முதல் வகுப்பில்தான் தொடங்குகிறது, அதற்குள் கணக்கென்றாலே கைவலி என்று சில குழந்தைகள் பழகிவிடுகின்றன. நிரம்பிய நோட்டைக் கண்டே பள்ளியை மதிப்பிடும் பெற்றோரின் கவலை புரிந்துகொள்ளத் தக்கது. எனினும் அதற்காகக் குழந்தைகளை வருத்துவது முறையாகாது.

பள்ளிக் கல்வித் துறையும், அங்கன்வாடிகளை நடத்தும் சமூக நலத் துறையும் இணைந்து, அரசு, தனியார் வேறுபாடின்றி மழலையர் வகுப்புகளில் எண் எழுதும் வீட்டுப்பாடத்தையும் தேர்வையும் தடைசெய்து, வரும் கல்வியாண்டுக்கு முன் ஆணை பிறப்பிக்க வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு உரிய பயிற்சியையும் பொருள்களையும் அதனுடனேயே வழங்க வேண்டும்.